கப்பமும் கடமையும்

கள்வனுக்குப் பொருள் கொடுத்து உயிர் தப்புபவனைக் குற்றவாளி என எவரும் கூறார். ஆயின், அவன் கொடுத்த பொருளே நாளை இன்னொருவன் வாயிலிற் கள்வனைக் கொண்டுவந்து நிறுத்துமெனின், அச்செயல் முற்றும் பழியற்றதாகுமா? பெருநிறுவனங்களின் கணனிகளுட் புகுந்து, கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டி, திறவுகோலுக்கு விலை கேட்கும் கப்பமென்பொருள் இவ்வறவினாவைப் புதிதாக எழுப்பியுள்ளது.

2021 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் இவ்வினாவை எதிர்கொண்டது. கிழக்குக் கரையோரத்து எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுசெல்லும் அதன் குழாய்வழி மே 7 முதல் 12 வரை முடங்கிற்று. தொலைவிலிருந்து நுழைவதற்கான பழைய கணக்கொன்று, இரண்டாவது சரிபார்ப்பு எதுவுமின்றி, கடவுச்சொல் ஒன்றை மட்டுமே காவலாகக் கொண்டிருந்தது. பகைவர் புகுந்த வழி அதுவே. நிறுவனம் ஏறத்தாழ 4.4 மில்லியன் டொலரைக் கப்பமாகச் செலுத்தியது. நாட்டின் நன்மை கருதியே கொடுத்ததாக அதன் தலைவர் பின்னர் செனற் குழுவின் முன் கூறினார். எரிபொருளுக்காக வரிசையில் நின்ற மக்களை எண்ணுமிடத்து, அக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

2019 மார்ச்சில் நோர்வேயின் அலுமினிய நிறுவனமாகிய நோர்ஸ்க் ஹைட்ரோ இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 40 நாடுகளில் 35,000 ஊழியரைக் கொண்ட அந்நிறுவனம் கப்பங் கொடுக்க மறுத்தது. நேர்ந்ததை ஒளியாது உலகறியச் சொல்லிற்று. ஆலைகள் பல கைமுறை வேலைக்குத் திரும்பின. காப்புப்பிரதிகளின் துணையோடு நிறுவனம் மீண்டது. இழப்போ 600 மில்லியன் குரோணருக்கும் மேலாயிற்று.

முன்னது கோழைமை, பின்னது வீரம் எனத் தீர்ப்பளித்தல் பொருந்தாது. அலுமினியம் சில நாள் பொறுக்கும். மருத்துவமனையில் நோயாளியின் உயிர் பொறுக்காது. மேலும், மறுக்கும் ஆற்றல் அந்நேரத்துத் துணிவினால் மட்டும் பிறப்பதன்று. வலையமைப்பினின்று பிரித்து வைத்த காப்புப்பிரதி, அதிலிருந்து மீளும் ஒத்திகை, கணனியின்றியும் தொழிலறிந்த ஊழியர் ஆகியவற்றால் முன்னரே ஈட்டப்படுவது. வருமுன் காவாதவன் வாழ்வைத் தீயின்முன் இட்ட வைக்கோற்போருக்கு வள்ளுவர் ஒப்பிட்டமை ஈண்டு நினைக்கற்பாலது. காவாதிருந்தவன், நெருக்கடி வருமுன்னரே தன் தெரிவுச் சுதந்திரத்தை இழந்துவிடுகிறான்.

இன்று கள்வர் பூட்டுவதோடு அமையாது, கோப்புகளைப் பிரதிசெய்து, வெளியிடுவோம் எனவும் அச்சுறுத்துகின்றனர். இதற்குக் காப்புப்பிரதி மருந்தாகாது. கொடுத்தாலும், அழித்துவிட்டோம் என்னும் கள்வனின் சொல்லன்றி வேறு உறுதியில்லை. களவுபோவதும் பெரும்பாலும் நிறுவனத்தின் செல்வமன்று; நம்பி ஒப்படைத்த வாடிக்கையாளரதும் ஊழியரதும் அந்தரங்கம். எனவே, வேண்டாத தகவலைத் திரட்டாமையும், வேண்டியதைத் தேவையான காலத்துக்கு அப்பால் வைத்திராமையும் காவலின் பகுதிகளாதல் வேண்டும்.

கப்பங் கொடுக்கலாமா என்பது காலந்தாழ்ந்த வினா. கொடுக்க வேண்டாத நிலையை உரிய காலத்தில் ஏன் உண்டாக்கவில்லை என்பதே முகாமையாளரிடம் முதலிற் கேட்கப்பட வேண்டியது. பிறர் பொருளைக் காக்க ஏற்றுக்கொண்டவருக்கு முன்னேற்பாடு வெறும் செலவுக் கணக்கன்று, கடமையாகும்.