பக்கத்து இலையின் மீன்

கடலோரத்தில் பிறந்தவர்களிடம், மீன் எப்போது பிடித்துப்போனது என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது. நினைவு தெரிவதற்கு முன்பே அம்மாவோ ஆச்சியோ முள் நீக்கி ஊட்டிவிட்டிருப்பார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்க்காரர்களுக்குத்தான் அந்த நாள் மறக்காது.

நான் வளர்ந்தது திண்டுக்கல் பக்கம். எங்களுக்கு மீன் என்றால் குளத்து மீன். கெண்டை, விரால், ஜிலேபி, அவ்வளவுதான். கண்மாயில் தண்ணீர் வற்றி ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாளில் எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு கொதிக்கும். கடல் எங்கள் வீட்டுக்குக் கருவாடாகத்தான் வந்தது. சந்தைக்கு எப்போதாவது பெட்டியில் ஐஸ் போட்டுக் கடல் மீன் வரும். அம்மா எட்ட நின்றே முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அந்த முகச்சுளிப்புக்கு நியாயம் உண்டு. உப்புத் தண்ணீரிலேயே வாழ்கிற மீன், தன் உடம்பின் நீரைக் கடல் இழுத்துவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே அதன் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் சேர்ந்திருக்கிறது. அதற்கு நாற்றம் இல்லை. மீன் செத்த பிறகு நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து டிரைமெத்திலமைன் ஆக்குகின்றன. கவிச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். நன்னீர் மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு. கரையில் இறக்கிய மீன் மலையடிவாரத்துச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வேலை பாதி நடந்து முடிந்திருக்கும். குளத்து மீனில் பழகிய மூக்கு அதை எப்படி ஏற்கும்? மீன் குழம்பில் புளி கரைத்து ஊற்றுகிறோமே, அந்தப் புளிப்பு டிரைமெத்திலமைனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவியாகி மூக்குக்கு ஏற விடாது. வேதியியல் படிக்காத சமையற்கட்டுகள் கண்டுபிடித்த இந்த வித்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

எங்கள் சித்தப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை. ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போயிருந்தபோது எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போனார். வாழை இலை போட்டு, சோறு வைத்து, வாளியிலிருந்து மீன் குழம்பு ஊற்றினார்கள். பிறகு ஒருவர் பெரிய தட்டில் வறுத்த மீன்களை அடுக்கி எடுத்துவந்து இலைக்கு இலை காட்டிக்கொண்டே வந்தார். வஞ்சிரத் துண்டு, முழுப் பாறை, விளைமீன், மொறுமொறுவென்று நெத்திலி, மிளகு போட்டுப் பிரட்டிய நண்டு. அம்மா ரசம் வரட்டும் என்று காத்திருந்தார். சித்தப்பா விளைமீனில் ஒரு விள்ளலைப் பிய்த்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அம்மா இலையில் வைத்தார். "மதினி, இதை மட்டும் வாயில போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா ஒதுக்கி வச்சிருங்க" என்றார். கொழுந்தன் முள் பார்த்து வைத்ததை எப்படி ஒதுக்குவது? அம்மா சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொடி மீனு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நெத்திலி அவர் இலைக்கு வந்தது. தலையை ஆய்ந்து, நடுமுள்ளோடு வறுத்த நெத்திலி. அம்மா சாப்பிடுவதைப் பார்த்து நானும் கை நீட்டினேன். எதிர் இலையில் அப்பத்தா நண்டுக் காலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவரவருக்குப் பழகியதுதான் இலைக்கு வரும். வெளியே போய் உட்காரும்போது ஒன்று வாங்கினால் நாலு பேர் கை அதில் படுகிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பழகாத உணவைக் கொடுத்துப் பார்த்தது. பெரியவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் பயனில்லை. வேறு நிற உணவை அவர் சாப்பிட்டாலும் பெரிய மாற்றமில்லை. குழந்தையின் தட்டில் இருக்கும் அதே நிற உணவை அவரும் சாப்பிட்டபோதுதான் குழந்தைகள் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பதை நான் அம்மாவிடம் பார்த்தேன். "சாப்பிடு, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிச் சொல்லி எந்த நாக்கையும் திருப்ப முடியாது. நம்பிக்கையானவர் நம் கண் முன்னே ருசித்துச் சாப்பிட வேண்டும்.

அதன் பிறகு வீட்டிலும் கடல் மீன் வந்தது. இறால் ஆயும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சாம்பல் நிறத்தில் கிடந்தது சட்டியில் விழுந்ததும் செம்மஞ்சளாக மாறுமே, அதைப் பார்க்கத்தான். அந்தச் சிவப்பு மசாலாவில் இருந்து வருவதில்லை. இறாலின் நிறமி ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. சூடு பட்டுப் புரதம் குலைந்ததும் நிறம் வெளியே வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் இறாலைச் சுட்டுத் தின்றவர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அவர்களும் அந்த நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நெருப்பருகே உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா?

மீன் பிடிக்கும் என்று சொல்கிற பலர் வஞ்சிரத்தோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. விலையை மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தெற்கே சாளை என்று சொல்கிற மத்தியில் உடம்புக்கு நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது, விலையும் குறைவு. நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. பெரிய மீனில் முள் எடுப்பது எளிது என்பதற்காக இவற்றை ஒதுக்குவது நாக்குக்கு நட்டம்.

இன்னொன்றும் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்கான தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகுகளில் வருகிற மீன்தான் கரைக்குக் கிடைக்கும். வரத்து குறைவு, விலை ஏறும். விரும்பிய மீன் இல்லையே என்று அப்போது கடைக்காரரிடம் கோபப்படுகிறோம். கரையில் படகைக் கட்டிப்போட்டுவிட்டு நிவாரணத் தொகையை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் அத்தனை நாளும் வருமானமில்லாமல் காத்திருக்கின்றன. மீனை நேசிக்கிறவர்களும் அவர்களோடு சேர்ந்து காத்திருக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகிறவர்கள், பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பரிமாறுகிறவரிடம் இன்று என்ன மீன் வந்தது என்று கேளுங்கள். பெயர் தெரியாத மீன் ஒன்றைச் சொல்வார். அதையே வாங்கி, முள் பார்த்து, வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பவர் இலையில் ஒரு விள்ளல் வையுங்கள்.