வந்த வழியும் நின்ற நிலையும்

எதனைக் கண்டாலும் அதற்கொரு பெயர் சூட்டிவிட வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு இயல்பானது. பெயர் அமையும் வகையை ஆராய்ந்த நன்னூலார் இடுகுறி என்றும் காரணம் என்றும் அதனைப் பகுத்துக் காட்டினார். நம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் காரணப்பெயர் பெற்ற இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரம் மரச்சுவரையும் அத்தாப்புக் கூரையையும் விட்டுச் செங்கற் கட்டடங்களுக்கு மாறியபொழுது அங்கே செங்கற் சூளைகள் இருந்தன. சூளைகள் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று; பெயர் நிற்கின்றது. இன்று பூமாலை வாங்க அங்குச் செல்வோர் செங்கல்லை நினைப்பதில்லை. இது தீங்கற்ற மறதி. ஆனால், பெயர் மனிதனைக் குறிக்கும்பொழுது, அது சொல்வது அவன் வந்த வழியையா, நின்ற நிலையையா என்று கேட்டே ஆகவேண்டும். இக்கேள்வியைத் தெளிவாக்கச் சதுரங்கத்தைப் போல் உதவும் பொருள் வேறொன்றை யான் அறியேன்.

சதுரங்கத்தில் இரு தரப்பாரும் முதலில் வைக்கும் சில நகர்த்தல்களின் வரிசையைத் தொடக்கம் என்பர். (இவ்வாட்டத்தை மலாய்மொழியில் ‘சாத்தூர்’ என்பர். தமிழ்நாட்டு ஊரொன்றை எண்ணிக்கொள்ள வேண்டா. நான்கு என்று பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது அது.) தொடக்கங்கள் பலவற்றிற்கும் பெயருண்டு. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட நூலால் ஒரு தொடக்கம் அவர் பெயரைப் பெற்றது. அவருக்கு முந்திய சுவடியிலேயே அந்நகர்த்தல்கள் காணப்படுகின்றன என்பது வேறு செய்தி. 1834இல் லண்டனும் பாரிசும் அஞ்சல்வழி மோதத் தொடங்கியபொழுது பாரிசுக்காரர் கையாண்ட முறை ‘பிரெஞ்சுத் தற்காப்பு’ ஆயிற்று.

நம்மவர் பெயரும் இவ்வரிசையில் உண்டா? உண்டு, ஆனால் அரைகுறையாக உண்டு. கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரேன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர், 1848க்குப் பின்னர் மகேசசந்திர பந்தோபாத்தியாயர் என்னும் வங்காளியுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பழைய இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். அப்பழக்கத்தில் வளர்ந்தவர் நடுக்களத்தை உடனே பற்றிக்கொள்ளாமல், குதிரையை முன்னிறுத்தி, மந்திரியை ஓரத்திலிருந்து பாயவிட்டுக் காத்திருந்தார். அம்முறைகளே பின்னாளில் ‘இந்தியத் தற்காப்புகள்’ எனப் பெயர் பெற்றன. 1855இல் அவர் ஆடிய ஒரு வகையோ ‘கிரன்ஃபெல்ட் தற்காப்பு’ எனப்படுகின்றது. எர்னஸ்ட் கிரன்ஃபெல்ட் என்னும் வியன்னா நகரத்தார் அதனைக் கையாண்டது 1922இல். ஐரோப்பியருக்கு ஆள்பெயர், வங்காளிக்கு நாட்டுப்பெயர். காக்ரேன் அவ்வாட்டங்களைக் குறித்து வைத்திராவிடில் அந்நாட்டுப்பெயரும் நமக்குக் கிட்டியிராது.

இவ்வாறு வளர்ந்த பெயர்க் காட்டைச் சீர்செய்ய 1974 முதல் பெல்கிரேடிலிருந்து ஒரு கலைக்களஞ்சியம் வெளிவந்தது. ஏ முதல் இ வரை ஐந்து தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 00 முதல் 99 வரை எண்கள். ஆக 500 அறைகள். நூலகர் நூல்களை அடுக்குவது போன்ற முறைதான். ஆயினும் அடுக்கத் தொடங்கியவுடனே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. அதுவே நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம்.

வெள்ளை தன் அரசன் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறது. கறுப்பு தன் அரசன் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துகிறது. அடுத்து வெள்ளை அரசியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால், அது பிரெஞ்சுத் தற்காப்பு. சி00 என்னும் அறை. இனி, வெள்ளை அரசியின் சிப்பாயை முதலிலும் அரசனின் சிப்பாயைப் பின்னரும் நகர்த்தியதாகக் கொள்வோம். கறுப்பின் முதல் விடையோடு ஆட்டம் ஏ40 என்னும் அறைக்குரியதாய் இருந்தது. அடுத்த நகர்த்தலில் அதே சி00 நிலை பலகையில் நிற்கின்றது! இரண்டு பலகைகளையும் அருகருகே வைத்தால் எது எவ்வழி வந்தது என்று உலக வாகையராலும் கூறவியலாது. எனவே வகைப்படுத்துவோர் வந்த வழியைக் கைவிட்டு நின்ற நிலையையே கொண்டனர். இனி வைக்கவேண்டிய நகர்த்தல் நிலையைப் பொறுத்ததே அன்றோ?

எனினும் பலகை அனைத்தையும் மறந்துவிடுவதில்லை. அரசன் ஒருமுறை நகர்ந்து மீண்டும் தன் கட்டத்திற்கே வந்துவிட்டால், கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் கோட்டை கட்டும் உரிமை போய்விட்டது. சிப்பாய் இப்பொழுதுதான் இரண்டு கட்டம் பாய்ந்ததா, முன்னரே அங்கு நின்றதா என்பதைப் பொறுத்து, எதிரிச் சிப்பாய் அதனைக் கடந்து வெட்டும் உரிமை அமையும். ஒரே நிலை மும்முறை வந்தால் சமநிலை கோரலாம்; அவ்வுரிமைகள் மாறியிருந்தால் அவை ஒரே நிலையாகா என்கிறது உலகச் சம்மேளனத்தின் விதி. ஐயம் எழுந்தால் நடுவர் பலகையைப் பாராமல் நகர்த்தல் எழுதிய தாளைக் கேட்பார். உரிமை பற்றிய இடங்களில் மட்டும் வழியைக் கேட்பது, மற்ற இடங்களில் நிலையைப் பார்ப்பது என்னும் இந்த விதியமைப்பில் பேரறிவு ஒன்று இருப்பதாகவே யான் கருதுகிறேன்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். நம் தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் ஆறாண்டுகள் முடித்தபின், மலாய்மொழித் தேர்ச்சி போதாமையால், ‘பெராலிஹான்’ எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து முதலாம் படிவத்திற்கு வந்தவர்கள். தேசியப் பள்ளி மாணவன் நேரே வந்தவன். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடநூலைத் திறந்து அமர்கின்றனர். மூன்றாம் படிவம் வரையிலும் முன்னவனைப் ‘புகுமுக வகுப்புப் பையன்’ என்றே குறிக்கும் பேச்சை ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறேன். அப்பெயர் ஏ40 போன்றது. அவன் நிற்பதோ வேறு அறையில். ‘தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை, பாவம்’ என்று இரங்கி இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுவதும் அதே பிழையின் மறுபக்கமே. அவன் எழுதிய விடை அவன்முன் நிற்கின்றது, அதனைத் திருத்துங்கள்.

ஆனால், வழியை முற்றும் துடைத்துவிட வேண்டும் என்போரோடும் எனக்கு உடன்பாடில்லை. கிள்ளானில் பெரும்பதவி அடைந்தபின் தாம் பயின்ற தமிழ்ப்பள்ளியைச் சொல்ல நாணுவோரைக் கண்டதுண்டு. அவர்களுடைய நிலை பிறருடையதைப் போன்றதே. ஆயினும் தமிழ் எழுதவும் படிக்கவும் வல்லார் என்பது கண்ணுக்குப் புலப்படாமல் அவர்களிடம் எஞ்சியுள்ள உரிமை. அதேபோல் இழந்த ஓராண்டும் உண்மையே. வயது வரம்பு பார்த்து உதவித்தொகை வழங்குவோர் அதனைக் கணக்கில் கொள்ளாவிடில், அஃது ஆட்டத்தாளைப் பாராமல் தீர்ப்புச் சொல்லும் நடுவரின் செயலாகிவிடும்.

மாணவர் கோப்பில் ‘முன்னர்ப் பயின்ற பள்ளி’ என்றொரு கட்டம் இருக்கும். அதனை நீக்கவேண்டும் என்று இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். இருக்கட்டும் என்றேன், உதவித்தொகைக்கும் வயது விலக்குக்கும் விண்ணப்பம் எழுதும் நாளில் அது வேண்டும். விடைத்தாள் திருத்தும் நாளில் கோப்பு அலமாரியில் பூட்டியிருக்கட்டும் என்றும் சொன்னேன்.