செவியின் விலை

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பயனின்றிப் போன முயற்சியைக் குறிக்க மேடையிலும் வீட்டிலும் அதனை எடுத்தாளுகின்றோம். அப்பழமொழி யார்மீது இரங்குகின்றது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். மூச்சு வீணாக ஊதியவன்மீது இரங்குகின்றது. சங்கொலியை இழந்தவனைப் பற்றி அதற்கு ஒரு சொல்லும் இல்லை. பார்வை இழந்தாரைக் கண்டால் கைபிடித்து வழிகாட்டும் நம் சமுதாயம், செவி இழந்தாரைக் கண்டால் நகைக்கின்றது. நாடகமேடைச் செவிடனும் திரைப்படச் செவிடனும் சிரிப்பு மூட்டுவதற்கென்றே படைக்கப்பட்டவர்கள். ஒன்று கேட்க ஒன்று சொல்லும் அந்த மனிதன் எவ்வாறு அந்நிலைக்கு வந்தான் என்று கதை கேட்பதில்லை.

கேள்வி என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாம். கல்வியறிவு வாய்க்காத காலத்தும் கேட்டுக் கேட்டே கதையும் பாட்டும் நீதியும் பேணிவந்த மக்கள். தோட்டப்புறக் கோயில் திடலில் விடிய விடியக் கூத்துக் கேட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள். அத்தகைய மக்களுள் ஒரு சாரார், வயிற்றுப் பிழைப்பிற்காகச் செவியைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர் என்றால், அக்கொடுக்கல் வாங்கல் அறமாகுமா என்பதே இக்கட்டுரையின் வினா. மரம் அறுக்கும் தொழிலாளரை முன்னிறுத்தி அதனை ஆராய முற்படுகின்றேன்.

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் மலாக்கா நீரிணையை நோக்கிக் கிடக்கும் மாவட்டம் பொந்தியான். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையாகிய தஞ்சோங் பியாய் இம்மாவட்டத்தில்தான் இருக்கின்றது. அலையாத்திக் காடு, தென்னை, கமுகு, ரப்பர், செம்பனை, அன்னாசி என மண்ணோடு கலந்த வாழ்வு. அன்னாசியின் பெயரையே தாங்கிய பெக்கான் நானாஸ் என்னும் ஊரும் இங்கு உண்டு. தமிழர் தொகை இங்கே பெரிதன்று. மலாய்க்காரரும் சீனரும் மிகுந்த மாவட்டம் இது. ஆயினும் பால்மரக் காட்டை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் சுவடு இங்கும் உண்டு.

இம்மண்ணின் இயல்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பொந்தியானின் பெரும்பகுதி கரிச்சேற்று நிலம். மட்கிய தாவரப் பொருள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான, கால் வைத்தால் அமுங்கும் நிலம். அங்கே மரத்தின் வேர் உறுதியாகப் பற்றுவதில்லை. செம்பனைகள் ஒருபுறமாகச் சாய்ந்தே வளர்வதைச் சாலையோரத்திலிருந்தே காணலாம். அத்தகைய நிலத்தில் நிற்கும் மரம் எப்பக்கம் வீழும் என்பதை அறுப்பவன் முற்றும் கணித்துவிட இயலாது. இச்செய்தி பின்னர் நமக்குத் தேவைப்படும்.

பால்மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பால் வற்றும். அதனை அழித்து மறுநடவு செய்வர். மறுநடவுக்கென 1952ஆம் ஆண்டிலேயே நிதியம் அமைந்தது. 1973இல் சிறுதோட்டக்காரர்களுக்காக ரிஸ்டா தோன்றியது. அந்நாளில் மரத்திற்கு நஞ்சூட்டிப் பட்டுப்போகச் செய்வதும், கோடரியாலும் இருவர் இழுக்கும் வாளாலும் சாய்ப்பதும் வழக்கம். வெட்டிய மரம் பெரும்பாலும் விறகாயிற்று. 1980களில் ரப்பர்ப் பலகை மேசை நாற்காலிகளாக மாறி அயல்நாடு செல்லத் தொடங்கிற்று. பொந்தியானுக்கு வடக்கேயுள்ள மூவார் அத்தொழிலால் பெயர் பெற்றது. விறகு பலகையாயிற்று, மரத்திற்கு விலை வந்தது, வேகம் வேண்டியதாயிற்று. அவ்வேகத்தைக் கொடுத்தது சங்கிலி வாள். தோட்டத்துத் தமிழர் அதனைச் செயின்சோ என்பர். ஜெர்மானியராகிய ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1929இல் பெட்ரோலில் இயங்கும் மரமறுக்கும் பொறியை வெளியிட்டார்; அதன் வழித்தோன்றல்கள் இன்று உலகெங்கும் காடுகளில் அலறுகின்றன.

அலறல் என்ற சொல்லை அணியாகச் சொல்லவில்லை. ஒலியை அளக்கும் அளவை டெசிபல். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. இவ்வளவையில் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கின்றது. ஆகவே தாங்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரு மணி. சங்கிலி வாள் அறுப்பவனின் காதருகே ஏறத்தாழ 105 முதல் 115 வரை எழுப்புகின்றது. 106 என்றே கொள்வோம். கணக்கிட்டால் நான்கு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் ஒரு நாள் முழுமைக்கும் உரிய அளவு தீர்ந்துவிடும். அப்பொறியை நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயக்குபவன், அறுபத்து நான்கு நாள்களுக்குரிய ஒலியை ஒரே நாளில் உட்கொள்கின்றான்.

உட்செவியில் நத்தை ஓடு போன்று சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ பதினையாயிரம் நுண்மயிர் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவையே ஒலியசைவை நரம்புக்கு உணர்த்துவன. பேரொலி இவற்றைச் சாய்த்துவிடுகின்றது. வெட்டிய விரல் வளராதது போலவே, அழிந்த இவ்வணுக்களும் மனிதனிடத்தில் மீண்டும் வளர்வதில்லை. இழப்பு முதலில் நாலாயிரம் அதிர்வெண்ணைச் சுற்றிய உயர்ந்த ஒலிகளில் தொடங்கும். நோவு இல்லை; குருதி இல்லை. மாலையில் காது அடைத்தாற்போல் இருக்கும், இரவில் ஓர் இரைச்சல் கேட்கும், காலையில் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆண்டுகள் செல்லும்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கின்றது. நம் இலக்கணத்தார் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தனர். உயிரெழுத்தின் ஒலியாற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்தது, வலிமை மிக்கது. மெய்யெழுத்தை மெய்யெழுத்தினின்று பிரித்துக் காட்டும் நுட்பமோ உயர்ந்த அதிர்வெண்களில், கணநேர ஒலியில் அடங்கியிருப்பது. எனவே பொறியொலியால் செவி கெட்டவன் உயிரைக் கேட்பான், மெய்யைத் தவறவிடுவான். அதிலும் ககர சகர டகர தகர பகரங்கள், வல்லினம் என்று நாம் பெயரிட்ட அவையே, அவன் செவியில் முதலில் மெலிகின்றன. பத்து என்றதும் பட்டு என்றதும் அவனுக்கு ஒன்றாகிவிடும். பேசுவது கேட்கின்றது, என்ன பேசினார்கள் என்பதுதான் விளங்கவில்லை. ஆதலால் அவன் தன்னைச் செவிடன் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. "எல்லாரும் முணுமுணுக்கிறீர்கள்" என்று வீட்டாரைக் கடிந்துகொள்கின்றான். வீட்டார் உரக்கக் கத்துகின்றனர். கத்தும்போது உயிரெழுத்துத்தான் உரக்கின்றது. மெய் அப்படியே நிற்கின்றது. இருசாராரும் சினங்கொள்வர். காலப்போக்கில் அவன் திருமண வீட்டில் ஒதுங்கி உட்காருகின்றான். கூட்டத்திற்கு வருவதை நிறுத்துகின்றான். பேரப்பிள்ளை சொல்லும் கதைக்குப் பொருளறியாமல் தலையசைக்கின்றான். முன்பு வாயாடியாக இருந்தவர் வயதாகிவிட்டதால் அடங்கிவிட்டார் என்று ஊரார் கூறுவர். வயதின்மேல் பழிபோடுவது எல்லாருக்கும் எளிது. எவரிடமும் இழப்பீடு கேட்க வேண்டியதில்லை அல்லவா?

இஃது இன்று கண்ட செய்தியன்று. இத்தாலிய மருத்துவர் இரமசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், வெனிசு நகரில் செம்பு தட்டுவோர் செவி மந்தமாவதைக் குறித்தார். 1886இல் தாமஸ் பார் என்னும் மருத்துவர் கிளாஸ்கோ நகரின் கொதிகலன் தொழிலாளரைச் சோதித்து, அவர்களுடைய செவி பழுதுற்றிருப்பதை எடுத்துரைத்தார். முந்நூறு ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை. தெரிந்திருந்தும் நிகழ்கின்ற தீங்கு, தெரியாமல் நிகழும் தீங்கைவிடக் கொடிது என்பது என் கருத்து.

தீங்கைச் செய்பவர் யார்? இதற்குத் தோட்டத்திலும் குத்தகைக்காரரிடத்திலும் வழக்கமாகக் கிடைக்கக்கூடிய விடை: "காதுக் கவசம் வாங்கிக் கொடுத்தாயிற்று, அவன் போடுவதில்லை." அவன் போடாமைக்குக் காரணம் கேட்டால், வெயிலிலும் வியர்வையிலும் காதைப் பற்றவைத்தாற்போல் இருக்கிறது என்பான். அது சிறு காரணம். பெருங்காரணம் வேறு. மரம் சாயுமுன் நார் முறியும் ஓசை எழும். மேலே காய்ந்த கிளை ஒடியும். தோழன் கூவுவான். முன்னே நான் சொன்ன அந்தக் கரிச்சேற்று நிலத்தில், எதிர்பாராத பக்கம் சாயும் மரத்தைக் காதால்தான் முதலில் அறிய முடியும் என்று அவன் நம்புகின்றான். இருபது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய செவிடு ஒருபுறம். இந்த நொடியில் வரக்கூடிய சாவு மறுபுறம். அவன் கவசத்தைக் கழற்றுகின்றான். இவனை அறிவிலி என்பவர் அவனிடத்தில் நின்று பார்த்தவர் அல்லர்.

எனினும் அவன் கணக்கில் ஒரு பிழை உண்டு. பொறி முழங்கும்போது வெறுங்காதிலும் அந்த மெல்லிய முறிவோசை பெரும்பாலும் அமிழ்ந்துபோகும். கண்ணும், முன்கூட்டிய திட்டமும், தப்பிச் செல்லும் வழியுமே அவனைக் காப்பவை. வேண்டும்போது மட்டும் அணிவேன் என்பதும் பயன் தராது. முப்பது டெசிபல் குறைக்கும் சிறந்த கவசத்தையே வேலை நேரத்தில் பாதி மட்டும் அணிந்தால், கிட்டும் பயன் ஏறத்தாழ மூன்று டெசிபல்தான். அறுபத்து நான்கு நாள் அளவு முப்பத்திரண்டு நாள் அளவாகும், அவ்வளவே. இக்கணக்கை அவனுக்கு எடுத்துச் சொல்லாமல் கவசத்தை மட்டும் கையில் திணித்துவிட்டுப் பெயர்ப்பட்டியலில் கையொப்பம் வாங்குவது, கடமையை அவன் தலையில் மாற்றி வைக்கும் தந்திரமே.

சட்டமும் மெல்லத்தான் நடந்தது. 1989இல் வந்த ஒலி விதிகள் தொழிற்சாலைகளுக்கென்று எழுதப்பட்டவை; காட்டில் அறுப்பவனை அவை கருதவில்லை. 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேளாண்மையையும் காட்டுத் தொழிலையும் தழுவியது. 2019ஆம் ஆண்டு ஒலி விதிகள் எல்லையை 85 டெசிபல் என வகுத்து, ஒலியை அளத்தல், செவியைச் சோதித்தல், கவசம் வழங்கல், பயிற்சி தரல் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கின. ஒலியால் வரும் செவிட்டுத்தன்மை சொக்சோ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இடம்பெறுகின்றது. ஏட்டளவில் குறையில்லை. ஆனால் ஒரு தோட்டத்தார் ஒருவருக்குக் குத்தகை விட, அவர் இன்னொருவருக்கு விட, அவர் ஏக்கர்க் கணக்கில் ஆள் பிடிக்க, இறுதியில் வாளைப் பிடித்திருப்பவனுக்கு முதலாளி யார்? இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவனாயின், செவி கெடுமுன்பே ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிடுவான். அவன் செவிடு அவனுடைய ஊரில் வெளிப்படும். ஒரு காலத்தில் நம் பாட்டனாரும் அப்படிக் கப்பலேறி வந்த கூலிகளே என்பதை இவ்விடத்தில் நினைப்பது நன்று.

"அவன் காது, அவன் விருப்பம்" என்று தனிமனித உரிமை பேசுவோரும் உளர். அவ்வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. பிறர் நலத்தின் பெயரால் ஒருவனைக் குழந்தை போல் நடத்துவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் விருப்பம் என்பதற்கு இரண்டு வேண்டும். எதை இழக்கின்றோம் என்று தெரிந்திருத்தல் ஒன்று. மறுத்தால் பட்டினி இராது என்ற நிலை மற்றொன்று. வலியின்றி வரும் இழப்பில் முதலாவது இல்லை. சாய்த்த மரத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் இரண்டாவதும் இல்லை. மேலும் செவி ஒருவனுக்கு மட்டும் உரியதா? மனைவி சொன்ன சொல் சென்று சேர வேண்டிய இடம் அது. அவன் செவியை விற்கும்போது அவளுடைய சொல்லும் உடன் விற்கப்படுகின்றது. அதற்கு அவளிடம் யாரும் விலை கேட்கவில்லை.

முன்னரே ஓரளவு செவி இழந்த, நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேறு தொழில் அறியார். கவசம் அணிந்தால் அவருக்கு எச்சரிக்கைக் கூவல் சிறிதும் கேளாது. அணியாவிட்டால் எஞ்சியதும் போகும். வாளைக் கீழே வையுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதற்குத் தொழில்நெறி கூறும் வழி ஒன்று உண்டு. அறுப்பவரைத் தவிர ஏனையோர் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்கு அப்பால் நிற்றல். குரலை நம்பாமல் முன்பே பேசிவைத்த கையடையாளங்களை நம்புதல். பொறியை நிறுத்திய பின்பே எவரும் அருகில் செல்லுதல். மரத்தின் உச்சியையும் சாய்வையும் பார்த்துக் கையசைப்பதற்கென்றே ஓர் ஆள் இருத்தல். அந்த ஆள் அன்று ஒரு மரமும் அறுக்கமாட்டார். ஏக்கர்க் கணக்கில் கூலி பேசும் குத்தகைச் சீட்டில் அவருக்கு வரி கிடையாது. அவருடைய நாட்கூலியைச் சேர்த்து விலை கூறும் குத்தகைக்காரர், சேர்க்காமல் கூறுபவரிடம் வேலையைத் தோற்றுவிடுவார். ஆகவே அச்சீட்டை எழுதிக் கையொப்பமிடும் நிலவுடைமையாளரிடமே நம் வினாவைக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கின்றது.