பக்கத்தில் உட்கார்ந்தவன்

ஒரு காரியம் நன்றாக முடிந்துவிட்டால் அதன் புகழ் யாரைச் சேர வேண்டும் என்பது பழைய கேள்வி. வில் பிடித்தவனையா, தேர் ஓட்டியவனையா என்று பாரதக் கதை கேட்ட நாளிலிருந்தே நாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் எனக்கு இந்தக் கேள்வி பாரதத்திலிருந்து வரவில்லை. ஒரு வீடியோ கேம் கேசட்டுக்குள்ளிருந்து வந்தது. சிரிக்காதீர்கள், முழுவதும் கேட்டுவிட்டு வேண்டுமானால் சிரியுங்கள்.

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்தில் தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான். என் தகப்பனார் நெசவாளி அல்லர், குமாஸ்தா. 1994-ஆம் வருஷம் என் மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் என்ற பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் அது. நகல் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தெருவுக்கே ஒரு பெட்டி. அது என் வீட்டில். எனக்கு அந்தக் கோடையில் இருந்த மரியாதை பிறகு எந்தப் பரிசு வாங்கியபோதும் கிடைக்கவில்லை.

அடுத்த வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன். அவன் தகப்பனார் குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்பவர். கோர்வை என்றால் புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகிற வேலை அல்ல. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பள்ளி விட்டு வந்ததும் என் சிநேகிதன் தறியில் உட்காருவான். விளக்கு வைத்த பிறகுதான் விளையாட வருவான். எட்டாம் வகுப்போடு பள்ளியும் நின்றது. அதை அன்று யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை என்பதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.

ஒரு நாள் கேசட் வேலை செய்யவில்லை. எல்லாரும் செய்கிற வைத்தியத்தைச் செய்தோம், வாயால் ஊதினோம். பலிக்கவில்லை. அவன் தறிக்கு வைத்திருந்த திருப்புளியைக் கொண்டு வந்து கேசட்டைத் திறந்துவிட்டான். உள்ளே பச்சைத் தகடு. அதில் தார் சொட்டினாற்போல் இரண்டு பெரிய கறுப்புப் பொட்டுகள். சற்றுத் தள்ளிச் சின்னதாக ஒன்று.

"இது எதுக்குடா?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா பக்கத்துல நான் உக்கார மாதிரி இருக்கும்டா" என்றான்.

பதினோரு வயதுப் பையனின் ஊகம் அது. ஆனால் எவ்வளவு சரியான ஊகம் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஃபாமிகாம் பெட்டிக்கு ஒரே சமயத்தில் கேசட்டிலிருந்து 32 கிலோபைட் அளவு கட்டளைகளைத்தான் நேராகப் பார்க்க முடியும். அதைவிடப் பெரிய விளையாட்டானால்? மீதியைப் பகுதி பகுதியாகத் திருப்பிக் காட்ட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மூன்றாவது சில்லு. வித்வானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏடு புரட்டுகிற சீடனைப் போல. 1988-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' விளையாட்டில், மேலே காட்சி ஓடிக்கொண்டிருக்க, கீழே கணக்குப் பட்டை மட்டும் அசையாமல் நிற்கும். திரையில் எத்தனையாவது கோடு வரையப்படுகிறது என்று எண்ணி, பெட்டிக்கு வேளை பார்த்துச் சொன்னதும் கேசட்டில் இருந்த சில்லுதான்.

பின்னால் வந்த சில்லுகள் சீடன் என்ற நிலையைத் தாண்டிவிட்டன. 1990-இல் வந்த சூப்பர் ஃபாமிகாம் பெட்டியின் மூளை அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. 1993-இல் வந்த 'ஸ்டார் ஃபாக்ஸ்' விளையாட்டின் கேசட்டுக்குள், இங்கிலாந்தின் ஆர்கோநாட் நிறுவனத்து இளைஞர்கள் வடிவமைத்த 'சூப்பர் எஃப்எக்ஸ்' சில்லு 10.5 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. விருந்தாளி வீட்டுக்காரரைவிட மூன்று மடங்கு கெட்டிக்காரர்! பெட்டி தன் பலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத முப்பரிமாண விமானங்கள் திரையில் பறந்தன. எல்லாப் பெட்டிகளையும் விலை உயர்ந்ததாகச் செய்வதைவிட, வேண்டியவன் மட்டும் அந்தக் கேசட்டோடு கூடுதல் மூளைக்கும் விலை கொடுக்கட்டும் என்பது வியாபாரிகளின் கணக்கு. கல்யாணத்துக்கு மட்டும் அண்டாவை வாடகைக்கு எடுக்கிற குடும்பஸ்தனின் கணக்குதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த விமானங்கள் யாருடைய சாதனை? கேசட்டை உருவிவிட்டால் பெட்டி பழைய பெட்டிதான். அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தனியே எடுத்து மேஜைமேல் வைத்தால் சில்லும் வெறும் கறுப்புத் துண்டுதான். இருவரும் சேர்ந்தால்தான் விமானம். சரி, அப்படியானால் புகழையும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். உலகம் அப்படிப் பிரிப்பதில்லை. சூப்பர் எஃப்எக்ஸ் பெயரையாவது விளம்பரத்தில் முழங்கினார்கள். அதற்கு முந்தின வருஷம், 1992-இல், 'சூப்பர் மாரியோ கார்ட்' கேசட்டுக்குள் இருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த டிஎஸ்பி-1 என்ற சில்லை விளையாடிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு கேசட்டின் கதை எனக்கு இதைவிட வருத்தமானது. 1989-இல் கொனாமி நிறுவனம் ஜப்பானில் 'அகுமாஜோ டென்செட்சு' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. பெட்டிக்கு ஐந்து குரல். கேசட்டிலிருந்த சில்லு மேலும் மூன்று குரல் சேர்த்துப் பாடும். 1990-இல் அதே விளையாட்டு 'காஸில்வேனியா 3' என்ற பெயரில் அமெரிக்கா போனது. அந்த ஊர்ப் பெட்டியில் கேசட் செருகும் இடத்தில், கேசட்டின் ஒலியை வாங்கிக்கொள்ளும் கம்பி இல்லை. வேறு சில்லு வைத்து, மூன்று குரலையும் விட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள். பாட்டு மெலிந்தது. பாடத் தெரியாததால் அல்ல. காது கொடுக்கப் பெட்டிக்கு வழி வைக்காததால்.

எங்கள் ஊர்த் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு ஓவியம் பார்க்க வருபவர்கள் சங்கீத மண்டபத்தில்தான் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள். கோயில் பல்லவர் காலத்தது. மண்டபமோ விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88-இல் முன்னால் சேர்த்துக் கட்டியது. சேர்த்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, வழிகாட்டியும் சொல்கிறார். விதானத்தில் வர்த்தமானரின் கதையைத் தீட்டியவனின் பெயரை யார் சொல்கிறார்கள்? சிறு வயதில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியபோது, அது என்னையே பார்த்துக் கேட்டது.

என் முதல் நாவல் நெசவாளர் தெருவைப் பற்றியது. அதற்குத்தான் பெயர் கிடைத்தது. "தறியின் நாடித் துடிப்பை அறிந்த எழுத்து" என்று மேடையில் ஒருவர் புகழ்ந்தபோது தலையைத் தாழ்த்திக்கொண்டேன். சபை அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன் நான். குழித்தறியில் ஒரு நாள்கூடக் கால் விட்டதில்லை. பாவு அறுந்தால் வீட்டில் யார் முகம் எப்படி மாறும், முந்திக்கு வரும்போது ஏன் பேச்சு நின்றுவிடும், கூலி வாங்கப் போகிறவன் எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வான், எல்லாம் அவன் சொன்னவை. இரவு இரவாகத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். நடையும் அமைப்பும் என்னுடையவைதான்; அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நாவலின் எட்டுக் குரலில் மூன்று அவனுடையவை. முன்னுரையில் பதிப்பாளருக்கு நன்றி சொன்னேன்; படம் போட்டவருக்குச் சொன்னேன்; அவனுக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

சென்ற மாதம் அந்த நாவலுக்குப் புதிய பதிப்பு வருகிறது என்றார்கள். நேரே ஊருக்குப் போனேன். அவன் தறியில் இருந்தான். இப்போது நெய்வது அவன். பக்கத்தில் கரை நாடா எறிவது அவன் மனைவி. மகளைப் படிக்க அனுப்பிவிட்டான்.

"முன்னுரையில உன் பேரைப் போடப்போறேன்" என்றேன்.

அவன் நாடாவை நிறுத்தவில்லை. "வேணாம்டா. அதுல அப்பனை ஏமாத்தற மகன் ஒருத்தன் வரானே, அது நான்தான்னு தெருவே சொல்லும். எங்கம்மா இன்னும் இருக்காங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் மனச்சுமையை இறக்கி வைக்க அவன் தலையைத் தேடிப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்படின்னா நான் என்னதான் செய்யறது?"

"அந்தப் புஸ்தகத்துல பணம் எவ்வளவு வந்துது?"

சொன்னேன். பெரிய தொகை அல்ல. அவன் மனைவி சிரித்துவிட்டு, "ஏங்க, அண்ணன்கிட்ட போயி..." என்று தடுத்தாள். அவன் கையமர்த்தினான்.

"எங்க தறியில நெய்யறவன்தான் கோர்வைக்காரனுக்குக் கூலி குடுக்கறது. ஊருக்குச் சொல்லிட்டுக் குடுக்கறதில்ல. வாரக் கடைசியில கையில குடுப்பான்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். தறிமேட்டில் கிடந்த பழைய ஜக்கார்டு அட்டையின் பின்பக்கத்தில், ஓட்டைகளுக்கு நடுவே, முதல் பதிப்பிலிருந்து வருஷம் போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தோம்.