கேட்பவனின் பங்கு

1

சென்ற மாதம் சந்தித்தபோது கவிஞர் நண்பர் ஒருவர் கேட்டார்: "தன் நடிகனின் படம் வெளியாகிற ஊர்களுக்கெல்லாம் லாரி பிடித்துப் போகிற ரசிகனுக்கும் உமக்கும் என்னய்யா வித்தியாசம்?"

கேள்வியிலிருந்த ஏளனத்தில் நியாயம் இருந்தது. நம் வட்டத்தில் 'ரசிகன்' என்பது ஏறக்குறைய வசைச்சொல். கூட்டத்தைக் கண்டு விலகிப் போவதையே ரசனையின் முதல் லட்சணமாக வைத்துக்கொண்டவர்கள் நாம். அந்த வட்டத்தைச் சேர்ந்த நான், படிப்புக்காக அமெரிக்கா போய், 1988இலிருந்து 1995 வரை ஓர் இசைக்குழுவின் பின்னால் ஊர் ஊராக அலைந்தேன். மொத்தம் 41 கச்சேரிகள். பலவற்றுக்கு இரவெல்லாம் கார் ஓட்டிப் போய்விட்டு, மறுநாள் வகுப்பில் தூங்கி வழிந்திருக்கிறேன்.

நண்பருக்கு உடனே ஒரு பதில் சொன்னேன். "அவன் முடிந்துபோன ஒன்றைப் பார்க்கப் போகிறான். படச்சுருள் எந்த ஊரிலும் அதேதான். நான் இன்னும் நடந்திராத ஒன்றைக் கேட்கப் போனேன்." நண்பர் தலையாட்டினார். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எனக்குச் சௌகரியமான இடத்தில் நிறுத்தப்பட்ட பதில் அது. நிறுத்தாமல் மேலே போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன்.

2

கிரேட்ஃபுல் டெட் என்ற அந்தக் குழு 1965இல் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோ என்ற ஊரில் உருவாயிற்று. முப்பது வருஷங்களில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். முந்தின இரவின் பாட்டு வரிசை மறு இரவில் இருக்காது. அதே பாட்டு திரும்ப வந்தாலும் அதே பாட்டாக இருக்காது. நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஆனால் நம் கச்சேரியில் ஒருவர் ராகம் பாட, பக்கவாத்தியம் அவரைத் தொடர்ந்து போகும். இங்கே ஐந்தாறு பேரும் ஒரே சமயத்தில் தேடுகிறார்கள். ஜெர்ரி கார்ஸியாவின் கிதார் மற்றவற்றுக்கு மேலே கேட்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு அடியில் தாங்கி நிற்க வேண்டிய பாஸ் கிதார், தாங்குகிற வேலையை விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு வழியில் போய்க்கொண்டிருக்கும். டிரம் வாசிப்பவர்கள் இரண்டு பேர். அவர்களில் மிக்கி ஹார்ட்டுக்கு இந்தியத் தாளங்களில் ஈடுபாடு உண்டு. 1991இல் அவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் விக்கு விநாயக்ராமின் கடம் இருக்கிறது. இந்தத் தகவலை என் ஈடுபாட்டுக்கு ஒரு சான்றிதழாக நெடுநாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தேவையில்லாத சான்றிதழ்.

கச்சேரியின் இரண்டாம் பாதியில் பாட்டுகளுக்கு இடையே நிறுத்தம் வராது. ஒன்று கரைந்து இன்னொன்றாகும். நடுவில் எல்லோரும் மேடையை விட்டுப் போக டிரம்கள் மட்டும் ஒலிக்கும். பிறகு தாளமும் சுருதியும் அவிழ்ந்துபோன ஒரு வெளி. அதிலிருந்து ஏதோ ஒரு பாட்டின் முதல் சாயல் மெல்லத் தட்டுப்படும். மேடையில் இருப்பவர்களுக்கு அது உறுதியாகும் முன்பே அரங்கில் ஒரு சலசலப்பு ஓடும். இருபதாயிரம் பேருக்கு அது தெரிந்துவிட்டது என்பது மேடைக்குத் தெரியும். அதற்கப்புறம் வாசிப்பு மாறும்.

இப்படி நேர்ந்த இரவுகள் குறைவு. சுருதி சேராமல், பாட்டின் முடிச்சுகள் அவிழ்ந்து தொங்க, ஒப்புக்கு நடந்த இரவுகளே அதிகம். திரும்பத் திரும்பப் போனதற்கு இதுவே காரணம். நிச்சயமாக நன்றாக இருக்கும் என்றால் ஒருமுறை போனால் போதுமே.

3

இதன் மேல் ஒரு வாழ்க்கையே கட்டப்பட்டிருந்தது. கச்சேரி நடக்கும் இடத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் ஒரு சந்தை. சாயம் தோய்த்த பனியன்கள், ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டு விற்பவர்கள், அதை விற்ற காசில் அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போடுபவர்கள். டிக்கெட் இல்லாதவன் ஒற்றை விரலை உயர்த்தியபடி நடந்துகொண்டிருப்பான். யாராவது ஒருவர் காசு வாங்காமலேயே ஒரு டிக்கெட்டைக் கையில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. 1984இலிருந்து, ஒலிப்பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கப்பட்டது. உயரமான கம்பங்களில் மைக்குகள் காடுபோல நிற்கும். பதிவான கேஸட்டுகளைக் காசுக்கு விற்கக்கூடாது. வெற்றுக் கேஸட்டும் தபால்தலையும் அனுப்பினால் முன்பின் தெரியாதவர்கூடப் பிரதி எடுத்து அனுப்புவார்.

வியாபாரத்தையே மதமாகக் கொண்ட ஒரு தேசத்தில் இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இன்றும் படுகிறது. இந்த வாழ்க்கைக்கு ஒரு தத்துவம் இருந்தது. எழுதி வைக்கப்பட்டதல்ல, ஆனால் எல்லோரும் நம்பியது. கேட்பவன் வெறும் கேட்பவனல்ல; கேட்கும் தீவிரத்தால் இசையை உண்டாக்குவதில் அவனுக்கும் பங்கு இருக்கிறது. குழுவினரும் பேட்டிகளில் கூட்டத்தைத் தங்கள் இசையின் ஓர் உறுப்பாகவே பேசினார்கள். நான் இதை நம்பினேன். அந்தச் சலசலப்பை நேரில் அனுபவித்தவன் நம்பாமல் இருக்க முடியாது.

கட்சி, மதம் எதிலும் சேராமல் தனிமனிதனாக இருந்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தோடு வளர்ந்தவனுக்கு, கையெழுத்துப் போடாமலே ஓரிடத்தில் பங்கு கிடைத்தது.

4

கார்ஸியாவுக்கு நீரிழிவு இருந்தது. ஹெராயின் பழக்கமும் இருந்தது. 1986 ஜூலையில் நினைவிழந்து பல நாட்கள் கிடந்தார். பிழைத்தெழுந்தபோது கிதாரை மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த டிசம்பரிலேயே மேடைக்கு வந்துவிட்டார். மறுவருஷம் குழுவின் ஒரு பாட்டு எதிர்பாராத வெற்றி அடைந்து, அமெரிக்க வானொலியெங்கும் ஒலித்தது. அதற்குப் பிறகு கூட்டம் அரங்குகளில் அடங்கவில்லை. கால்பந்து மைதானங்கள் தேவைப்பட்டன. குழுவை நம்பிச் சம்பளம் வாங்கும் குடும்பங்களும் பெருகின. கச்சேரி நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்ற நிலை.

நான் சேர்ந்தது 1988இல் என்பதை இங்கே மறுபடி சொல்ல வேண்டும். பழையவர்கள், புதிதாக வந்து குவிந்த கூட்டத்தைப் பற்றிப் புலம்புவார்கள். நானும் சேர்ந்து புலம்புவேன். புலம்பப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது அப்போது பிரக்ஞையில் இல்லை.

1995 ஜூன் 30, பிட்ஸ்பர்க். அன்று மழை. மழையைப் பற்றிய பாட்டுகளாக அடுத்தடுத்துப் பாடினார்கள். கூட்டம் கொண்டாடியது. கார்ஸியாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு 53 வயதுகூட நிரம்பவில்லை. எழுபது வயதுக்காரர் போல நின்றார். அந்தக் கடைசிப் பயணத்தில் அவர் பாட்டின் வரிகளை மறப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அவர் மறந்த இடத்தில் கூட்டம் எடுத்துப் பாடும். ஓர் இரவு அப்படிப் பாடியபோது, கண்ணில் நீர் வரும் அளவுக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதோ என் பங்கு, கண்ணுக்கு முன்னால் நிரூபணமாகிறது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் நண்பர் கேட்டிருக்க வேண்டும். ஒரு மனிதன் எல்லோர் முன்னாலும் நோயில் தேய்ந்துகொண்டிருக்கிறான். அவனுடைய மறதி எனக்கு ஒரு வாய்ப்பாக இருந்திருக்கிறது.

ஜூலை 2, இண்டியானா மாநிலத்தில் டீர் க்ரீக் என்ற திறந்தவெளி அரங்கு. மேடைக்கு எதிரே நாற்காலிகள். அதற்குப் பின்னால் மேடேறும் புல்வெளி. புல்வெளியின் விளிம்பில் மரப்பலகை வேலி. நான் புல்வெளியில் இருந்தேன். டிக்கெட் இல்லாதவர்கள் வெளியே ஆயிரக்கணக்கில் நின்றார்கள். திடீரென்று வேலியின் மேல் ஆட்கள் ஏறினார்கள். பிறகு பலகைகள் பெயர்ந்து விழுந்தன. கூட்டம் உள்ளே பாய்ந்தது. போலீஸ் நாய்கள், கண்ணெரிச்சல் புகை. உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன்.

ஏன் தட்டினேன் என்பதற்கு அந்த நிமிஷத்தில் காரணம் இருந்தது. இசையைச் சுற்றி வேலி எதற்கு என்ற மாதிரி ஏதோ ஒன்று. கவிதையாக எழுதியிருந்தால் இந்தப் பத்திரிகையிலேயே வந்திருக்கும்.

அன்று கார்ஸியா பாடிய பாட்டுகளில் ஒன்று, தன்னைக் கொன்றுவிட வேண்டாம் என்று ஒருவன் மன்றாடும் பழைய பாட்டு. வழக்கம்போல நாங்கள் சேர்ந்து பாடினோம். இருட்டிய பிறகும் அரங்கின் விளக்குகளை அணைக்கவில்லை. கச்சேரி என்றால் மேடை வெளிச்சத்திலும் நாங்கள் இருட்டிலும் இருப்பதுதான் முறை. அன்று வெள்ளை வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சங்கடமாக இருந்தது. விளக்கை ஏன் அணைக்கவில்லை என்று முணுமுணுத்தோம். கார்ஸியாவுக்குக் கொலைமிரட்டல் வந்திருந்தது என்பதும், விளக்குகள் எரிந்தது எங்களைக் கண்காணிக்க என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்தப் பாட்டைப் பாடினார்.

மறுநாள் கச்சேரி ரத்தாயிற்று. குழுவினர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் ரசிகர்களுக்கு வந்தது. டிக்கெட் இல்லாமல் வராதீர்கள், இப்படியே போனால் பயணங்கள் முடிந்துபோகும் என்றது அது. டிக்கெட் இல்லாதவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் என்று அதைப் படித்தேன். என்னிடம் டிக்கெட் இருந்தது. சிகாகோ போனேன். ஜூலை 9. அதுதான் கடைசிக் கச்சேரி. சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 9ஆம் தேதி, போதை மீட்பு இல்லம் ஒன்றில் கார்ஸியாவின் இதயம் நின்றது.

5

ரசிகர்களே அவரைக் கொன்றார்கள் என்று அப்போது சிலர் சொன்னார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. அவர் விவரம் அறிந்த மனிதர். தன் உடம்பை என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். 'நாங்கள் கொன்றோம்' என்பதில் ஒரு சொந்தம் கொண்டாடல் ஒளிந்திருக்கிறது. உயிரோடு இருந்தவரை இசையில் பங்கு. செத்த பிறகு சாவிலும் பங்கு. இந்தக் குற்ற உணர்வு பக்தியின் இன்னொரு வேஷம் என்றே எனக்குப் படுகிறது.

எதிர்ப்பக்கத்து வாதமும் எனக்குத் தெரியும். பல ஆயிரம் பேரில் நான் ஒருவன். நான் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. என் டிக்கெட்டை இன்னொருவன் வாங்கியிருப்பான். நான் தட்டாமல் இருந்திருந்தாலும் வேலி விழுந்திருக்கும். கணக்குச் சரி. பல வருஷங்கள் இந்தக் கணக்கில் ஒதுங்கி இருந்தேன்.

சிக்கல் என்னவென்றால், இதே கணக்கை நல்ல இரவுகளுக்கும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் இல்லாவிட்டாலும் வேலி விழுந்திருக்கும் என்றால், நான் இல்லாவிட்டாலும் அந்தச் சலசலப்பு அரங்கில் ஓடியிருக்கும். என் கேட்டலால் எதுவும் உண்டாகவில்லை. ஏழு வருஷங்கள் நான் நம்பிய பங்கு வெறும் பாவனை. இல்லை, அது பாவனையல்ல, கேட்டதற்கு ஓர் அர்த்தம் இருந்தது என்று சொல்வேனானால், கைதட்டியதற்கும் அர்த்தம் இருந்தாக வேண்டும். லாபத்தில் மட்டும் பங்கு கேட்டு, நஷ்டம் வரும்போது நான் கூட்டாளியே இல்லை என்கிறவனைக் கடைத்தெருவில் என்னவென்று சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நான் பங்கை வைத்துக்கொள்கிறேன். அந்த இரவுகளைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆகையால் மற்றதும் என்னுடையதே. எவ்வளவு என்று அளக்க முடியாது. பல ஆயிரத்தில் ஒன்று என்பது சிறியதுதான். பூஜ்யம் அல்ல.

கவிதை எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களுமாக நாம் முந்நூறு பேர் இருக்கிறோம். நமக்குக் கூட்டம் கிடையாது, வேலி கிடையாது. ஆனால் நம்மிடையேயும், குடித்தே அழிகிற ஒரு கவிஞனின் கடைசிக் கவிதைகளுக்காகக் காத்திருந்து, அவை வந்ததும் அவற்றின் தீவிரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் மனோபாவம் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

டீர் க்ரீக் இரவை என் நண்பன் ஒருவன் பதிவு செய்தான். பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பினான். ஒரே ஒருமுறை கேட்டேன். கிதார் எங்கோ தொலைவில் கேட்கிறது. அதைவிட அருகில் கைதட்டல். நல்ல கருவி, ஒவ்வொரு கையும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதில் என்னுடையது எது என்று தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கேஸட் இன்னும் இருக்கிறது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வித்தியாசம் இருக்கிறது. லாரியில் போகிறவன் முடிந்துபோன ஒன்றைப் பார்க்கப் போகிறான். அவன் விசிலடிக்கலாம், திரையில் சூடம் காட்டலாம். படத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. நான் இன்னும் நடந்திராத ஒன்றைக் கேட்கப் போனேன். அதற்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம்.