புலன்களின் இயைபும் கண்டவர் பொறுப்பும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்துகிறது. மெய், நா, மூக்கு, கண், செவி ஆகியவற்றின் அறிவுகளுக்குப்பின் ஆறாவதாக மனம் வைக்கப்படுகிறது. ஐம்புலன்களும் தனித்தனியே தரும் செய்திகளை மனம் பின்னர்ச் சீர்தூக்கித் துணிகிறது என்று இவ்வைப்புமுறையைக் கொண்டு கருத இடமுண்டு. அவ்வாறாயின் பிழையான காட்சிக்கு மனமே பொறுப்பாகும். அத்துணிபு மனம் அறியாமலே நிகழ்ந்துவிடுமாயின் பொறுப்பு யாருடையது என்பது ஆராயத்தக்கது.

1976இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. அதில் ஒலிப்புடைய 'கா'வுக்குரிய வாயசைவைக் காட்டும் படத்துடன் ஒலிப்புடைய 'பா' என்னும் ஒலி இணைக்கப்பட்டது. வயது வந்தோருள் மிகப் பெரும்பாலோர் 'தா' போன்றதோர் ஒலியையே கேட்டனர். 'பா' இதழில் பிறப்பது. 'கா' அடிநாவும் அண்ணமும் பொருந்தப் பிறப்பது. கேட்கப்பட்டதோ அவ்விரண்டிற்கும் இடையே பிறக்கும் ஒலி; செவிக்கு வராததும் கண் காட்டாததுமான மூன்றாவது ஒன்று.

ஆயினும் இவ்வியைபைக் குறையென்று தள்ளுதல் பொருந்தாது. ஒரு பொருளின் உயரத்தைக் கண்ணாலும் தொடுதலாலும் மதிப்பிடுவதை மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். காட்சி தெளிவு குன்றக் குன்றத் தொடுதலுக்குரிய மதிப்பு கூடியது. இரண்டும் இணைந்த மதிப்பீடு தனிப்புலன் தருவதைவிடத் தடுமாற்றம் குறைந்ததாக அமைந்தது. எனவே, பெரும்பாலும் பிழையைக் குறைக்கும் ஆற்றலே சிலபோது பிழையைத் தோற்றுவிக்கிறது.

சிவஞான சித்தியார் அளவையியல் மாசறு காட்சியினின்று ஐயத்தையும் திரிவையும் விலக்குகிறது. ஐயத்தில் இருப்பவர் தம் ஐயத்தை உணர்வார். திரிவில் இருப்பவர் திரிவை உணரார். 'தா' எனக் கேட்டவர் ஐயமின்றியே கேட்கிறார். அதனை அவ்வாறே உரைப்பின் அவர் வாய்மை வழுவாதவர். எனினும் அவர் உரைத்தது உண்மையன்று. சான்று கூறுவோரின் நேர்மையை மட்டும் கொண்டு பிறர்மீது குற்றம் துணிதல் எத்துணைக் கேடுடையது என்பது இதனால் விளங்கும்.

இயைபின் வழிமுறையை அறிந்தோர்க்கும் இத்திரிவு எளிதில் நீங்குவதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் 'பா' என்னும் ஒலி மீண்டும் கேட்கிறது. ஆகவே தோன்றியதற்கு மனிதர் பொறுப்பாகார். தோன்றியதைச் சோதிக்காமல் முடிந்த முடிபாகக் கூறுவதற்கே பொறுப்பாவர். கண்டதும் பொய், கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி புலன்களைப் பழிப்பதன்று. இணைந்து வந்ததைப் பிரித்துப் பார்க்கும் கடமையை அது ஆறாம் அறிவிற்கு விதிக்கிறது எனலாம்.