கணக்குக் கேட்கும் உரிமை

கொடுக்கும் கையிடம் கணக்குக் கேட்பது நன்றி கொன்ற செயல் என்று எண்ணுவோர் உளர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை அமெரிக்க நிதிச் செல்வர் வாரன் பஃபெட்டின் வாழ்வைக் கொண்டே ஆராயலாம்.

ஒமாஹா நகரை அடுத்துள்ள 'பாய்ஸ் டவுன்', ஆதரவற்ற சிறுவர்களுக்காக 1917இல் தோன்றிய இல்லம். தேவையைச் சொல்லி அஞ்சல்வழி நன்கொடை திரட்டிவந்த அவ்வில்லத்தின் வரவு செலவை, 1972இல் உள்ளூர் வார இதழான 'சன்' ஆராய்ந்தது. எழுநூறு சிறுவர்கூட இல்லாத அவ்வில்லத்தின் இருப்போ 20 கோடி டாலருக்கும் மேல்! களவு நடந்ததென அவ்விதழ் கூறவில்லை. இருப்பதைச் சொல்லாமல் மேலும் கேட்டதையே சுட்டியது. 1973இல் புலிட்சர் பரிசு பெற்ற அவ்விதழின் உரிமையாளர் பஃபெட். அற நிறுவனங்கள் அரசுக்கு அளிக்கும் வரிப் படிவத்தைப் பாருங்கள் என வழிகாட்டியவரும் அவரே.

நல்லது. அதே அளவுகோல் அவருக்கும் பொருந்த வேண்டுமன்றோ? 2006இல் தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கேட்ஸ் அறக்கட்டளைக்கு அளிக்க அவர் முன்வந்தார். கொடையின் பெருமையை மறுப்பார் யார்? ஆயினும், ஏழை நாடுகளின் நலவாழ்வைத் தொடும் அந்நிறுவனத்துக்கு, 2021இல் அவர் விலகும்வரை அறங்காவலர் மூவரே: கேட்ஸ் தம்பதியரும் அவரும். எந்த நோய்க்கு முதலிடம் என்பதில் நோயாளியின் நாட்டுக்கு வாக்கில்லை.

செல்வர்மீது வரியை உயர்த்துக என்று 2011இல் நாளேட்டில் எழுதியவரும் பஃபெட்தான். தம் அலுவலக ஊழியரைவிடத் தாம் குறைந்த விகிதத்தில் வரி செலுத்துவதை அவரே எடுத்துரைத்தார். வரிப்பணத்தின் செலவை மக்கள் மன்றம் கேள்வி கேட்கும். கொடைப்பணத்தின் செலவைக் கேட்க அத்தகைய மன்றம் இல்லை. எனவே அங்கே இதழ்களின் கடமை இன்னும் பெரிது.

அவ்விதழ்களோ யார் கையில் இருக்கின்றன? 1977இல் பஃபலோ நகரின் மாலை நாளேட்டை அவர் வாங்கினார். 1982இல் போட்டி ஏடு மூடப்பட்டது; அந்நகருக்கு ஒரே நாளேடு எஞ்சிற்று. 2020இல் தம் செய்தித்தாள்கள் அனைத்தையும் விற்றுவிட்டார். வாங்கியதும் விற்றதும் அவர் விருப்பம்; படித்த ஊராருக்கு அதில் பங்கில்லை.

'சன்' இதழுக்கு வாய்த்தவர் கேள்வியை விரும்பிய உரிமையாளர். அது அவ்விதழின் நற்பேறு. உரிமையாளரின் விருப்பத்தால் மட்டும் வாழும் கேள்வி, அவ்விருப்பம் மாறினால் மடியும். ஈகையைப் போற்றுவோம், ஆனால் ஈவோனைக் கேட்கும் உரிமையையும் அவனிடமே கொடையாகப் பெறும் நிலை நமக்கு வேண்டாம்.